சித்தி வீட்டில் படித்த சனிக்கிழமைகள்

சித்தப்பா வெளியே நின்று கிரில் கதவைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் புத்தகத்தைத் திறப்பேன். கிள்ளானில் ஒரு கல்லூரியில், மனநலப் பணிக்கான டிப்ளோமாவில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். சனிக்கிழமை விடிந்தால் பஸ் ஏறி பத்தாங் பெர்ஜுந்தாயில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சித்தப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். உள்ளே நானும் என் அம்மாவின் தங்கையான சித்தியும் மட்டும் இருப்போம்.

சித்தி முன்பெல்லாம் மீன் வேன்காரரிடம் பேரம் பேசினால் அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். அந்த வருடம் பேச்சு குறைந்தது, பிறகு தூக்கம் போனது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். சுவரைப் பார்த்தபடி யாருக்கோ பதில் சொல்வார். எங்கள் குடும்பம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டில் ஒருத்தி தையல் படித்தால் ஜாக்கெட்டை யாரும் வெளியே கொடுப்பதில்லை அல்லவா, அதே கணக்கு. “நம்ம வீட்டுலயே அதுக்குப் படிக்கிற பிள்ள இருக்கு, எதுக்குலா கிளினிக்கு?” என்றார் சித்தப்பா. எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையான காரணம் வேறு. சித்தியின் ஒரே மகளுக்கு, கோலாலம்பூரில் வேலை செய்த என் தங்கை முறைக்காரிக்கு, நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேலை செய்தது நாங்கள் போக வேண்டிய அதே கிளினிக்கில், பெயர் பதியும் கவுண்டரில். சித்தியை அங்கே கூட்டிப் போனால் சம்பந்தியம்மாவின் கையில்தான் ஐ.சி. என்கிற அடையாளக் கார்டை நீட்ட வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். சித்தப்பாவுக்கு ஒரு மூடி கிடைத்தது, என் பாடப்புத்தகம். “பிள்ள பரீட்சைக்குப் படிக்குது, யாரும் கதவத் தட்டாதீங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

பாடத்தில் ஓர் அறிகுறியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், அது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சனிக்கிழமைகளை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் விரிவுரையாளர் அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். “நீ அவங்களுக்கு மகளா இரு, அது போதும். வைத்தியம் டாக்டர் பாக்கட்டும்” என்றார். அதைச் சித்தப்பாவிடம் சொன்னால், “தை மாசம் கல்யாணம் முடியட்டும்லா. அப்பறம் எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்” என்பார். கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியாது. திரும்பி வரும்போது சித்திக்குப் பிடித்த, கடலைப் பொடி வைத்து மடித்த அப்பம் பாலிக் சூடாக வாங்கி வருவார். தேர்வில், சித்தியைப் போன்ற நோயாளியை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அடுத்த சனிக்கிழமையும் அதே பூட்டுக்கு உள்ளேதான் போனேன்.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா வந்துவிட்டார். கூறைச் சேலையைக் காட்டலாம் என்று வந்திருந்தார். கிரிலுக்கு வெளியே நின்று, “ஏம்மா, உள்ள ஆள வெச்சிக்கிட்டா பூட்டியிருக்கு?” என்று கேட்டார். சித்திக்குக் காய்ச்சல், சித்தப்பா சாவியை மறந்து எடுத்துப் போய்விட்டார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. சித்தி கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு கிரில் பக்கத்தில் வந்து நின்றார். “காய்ச்சல் இல்லங்க சம்பந்தி. தலைக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க. என்னால முடியல. ஒங்க கிளினிக்குல காட்டணும்னா என்னா செய்யணும்?” என்று கேட்டார். பல வாரங்களாக அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சம்பந்தியம்மா சேலைப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். “ஐ.சி. எடுத்துக்கிட்டு திங்கக்கெழம காலையில வாங்க. அன்னைக்கு நான் லீவு போட்டுக்கிறேன்” என்றார். அது பரிவா விலகலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் போனதும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாந்தான் சொன்னேன்னு எம் மககிட்ட சொல்லிராத. அவ மொகத்தப் பாத்துக்கிட்டு நான் இருக்கணும்ல.” சம்பந்திக்கே தெரிந்துபோனதால் திங்கட்கிழமை சித்தப்பா வேறு வழியில்லாமல் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஜாதகப் பொருத்தம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து கொஞ்ச நாளில் தகவல் வந்தது. தங்கை எனக்குப் போன் செய்து, “நீதானே போய்ச் சொன்ன? படிச்ச திமிரு” என்றாள். ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பருவத்துப் பாடம். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்தது பாடத்துக்காக அல்ல. எனக்குச் சித்தி வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நானும் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். சித்தி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மீன்காரர் மறுபடியும் அவருக்குப் பயப்படுகிறார். தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. என்னோடு மட்டும் பேசுவதில்லை.

போன தீபாவளிக்கு எல்லோருக்கும் பலகாரத் தட்டு வைத்தவள் என்னைத் தாண்டிப் போனாள். சித்தி எழுந்து ஒரு தட்டு நிறைய முறுக்கு வைத்து என் மடியில் வைத்தார். “அவளுக்கு என்னாத்துக்குமா? நம்ம வீட்டு விஷயத்த ஊருக்குக் கொண்டுபோனவ” என்றாள் தங்கை, புருஷன் காதில் விழும்படி. சித்தியின் முகம் மாறியது. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன். “முறுக்கு நல்லா வந்திருக்கு, சித்தி” என்றேன்.