பெயின்ட் காயாத கார்

மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலச் சந்தியில் "கை வெக்க வாணாம்" என்று ஓர் அதட்டல் கேட்டால் அது ஸக்கரியா நானாவுடையதுதான். வேறு ஆளுக்கு அந்தத் தொண்டை கிடையாது. அவருடைய கறுப்பு மொரிஸ் மைனரில் எவனாவது சாய்ந்திருப்பான், அவ்வளவுதான் விஷயம். லொறிக் கிளீனராக ஏறி, டிரைவராகி, ஊரார் வண்டியெல்லாம் ஓட்டி இடுப்பு தேய்ந்த பிறகு சொந்தமாக வாங்கி வாடகைக்கு ஓட்டிய ஹயரிங் கார் அது. பெற்ற பிள்ளையைக்கூட இந்த மனுசன் இப்படித் துடைத்ததில்லை என்று அவர் மனைவி றாபியா சொல்வாள். சும்மா சொல்லக் கூடாது, ஒரே மகள் மஸீஹாவையும் அவர் கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்த்தார்.

அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக் கலியாணமானாலும் பெண் ஏறிப் போவது அவர் காரில்தான். பெண் உள்ளே உட்கார்ந்ததும் பெற்றவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். எங்கும் உள்ளதுதானே! ஆனால் நம்மாள் கண்ணுக்கு அந்த வளையல் கை மட்டும்தான் தெரியும். "ராத்தா, கை வெக்க வாணாம், கீறும்" என்பார், அழுதுகொண்டு நிற்பவளிடம் போய். அதோடு விடுவாரா? மாத்தளை என்ன மக்காவா, பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, இதற்கு ஏன் இந்தக் கூப்பாடு என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே ஓட்டுவார். எத்தனை தாய்மார் மனசுக்குள் அவரை ஏசியிருப்பார்களோ!

மஸீஹாவுக்கும் மாத்தளையில் மாப்பிள்ளை அமைந்தது. மகள் போகும் கார் பழசாகத் தெரியலாமா? புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது வெளிநாட்டுச் சாமானெல்லாம் வருவது நின்றுபோயிருந்த காலம், கார் பெயின்டைக் கண்ணால் காணக் கிடைக்காது. யார் யாருக்கோ பல்லைக் காட்டி ஒரே ஒரு கறுப்பு டின் பிடித்துக்கொண்டு வந்தார். தொழில் தெரிந்தவர் என்று ஊரே பாஸ் போட்டுக் கூப்பிடும் பெயின்ட்காரர் பதுர்தீன் காரை வீட்டு முன்னால் நிறுத்தி வழுவழுவென்று அடித்துக் கொடுத்தார். நாட்பட்ட பெயின்ட் என்பதால் லேசில் காயாது, ஒரு முழுக் கிழமை, ஏழு நாளைக்காவது தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வியாழக்கிழமை. ஞாயிறு கலியாணம். கைப்பிடியைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் பெண்ணை ஏற்றிவிடலாம் என்று ஸக்கரியா நினைத்துக்கொண்டார்.

அதே வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்னால் றாபியா மகளுடைய மெத்தைக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டு மெத்தையில் ஒரு கட்டி இருந்தாலும் மாமியார் வீட்டில் காலத்துக்கும் அது பேச்சாகிவிடும். அதனால் அவளே இலவங்காய் உடைத்து, விதை நீக்கி, கம்பால் அடித்து, பழைய சாரி ஒன்றால் குவியலை மூடி வைத்திருந்தாள். பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு காற்று அடித்தது பாருங்கள், சாரி ஒரு பக்கம் போக, பஞ்சு கூரையைத் தாண்டி வந்து ஈரப் பெயின்டில் இறங்கியது. நுவரெலியாவில் உறைபனி விழுந்தாலும் ஒரு கார் இப்படி வெளுக்காது.

ஸக்கரியா ஓடிவந்து பொனட்டில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். பஞ்சு வந்தது, கூடவே பெயின்டும் தோலாக உரிந்து வந்தது. ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வந்த பாஸ், தண்ணீரும் வேண்டாம், துணியும் வேண்டாம், பெயின்ட் கரைக்கும் தின்னர் பக்கமே போக வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு கழுவினால் தானாக விடும், இப்போது தொட்டால் அவ்வளவும் நாசம் என்றார். ஸக்கரியாவுக்குத் தலைக்கேறிவிட்டது. கலியாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்திருக்க, பஞ்சும் தலையுமாக நின்ற றாபியாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ட மகள்ட பயணத்தையே கெடுத்துட்டாய். இனி இந்தக் காருக்குக் கிட்ட வராதே. கை வெச்சிராதே!"

ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவள் றாபியா. அன்றோ, மிஞ்சிய பஞ்சை அள்ளிக்கொண்டு உள்ளே போய் மெத்தை தைக்க உட்கார்ந்துவிட்டாள். அவளும் அந்தப் பிள்ளைக்காகத்தானே அடித்தாள்? அது ஸக்கரியாவுக்கும் தெரியும். ஆனாலும் வீம்பு விடவில்லை.

மாத்தளையிலிருந்து வேறு கார் எடுப்போம் என்று மச்சான்மார் சொன்னார்கள். மஸீஹாதான் விடவில்லை. ஊர்ப் பெண்களெல்லாம் வாப்பாவுடைய காரில் போகும்போது நான் மட்டும் யாருடையதோ காரில் போவதா, பஞ்சோடு போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பின் சீட்டில் ஏறினார்கள். கார் நரைத்துப் போச்சே என்று சிரிக்காத ஆளில்லை. ஸக்கரியா பல்லைக் கடித்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்து, பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார்.

அதில் றாபியா தெரிந்தாள். கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள். இரண்டு கையையும் முக்காட்டுத் தலைப்புக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். மகளுடைய முகத்தைப் பார்க்கக் குனிகிறாள், கை தானாக நீள்கிறது, சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். மஸீஹா உள்ளேயிருந்து ஜன்னலில் உள்ளங்கையை வைத்து, உம்மா, உம்மா என்று அழுகிறாள்.

இவ்வளவு காலமும் தான் தள்ளி நிறுத்திய தாய்மார் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்குள் வந்து நிற்பதுபோல் இருந்தது ஸக்கரியாவுக்கு. என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி றாபியாவிடம் போனார்.

"கைய வெய்யி, புள்ள."

"பெயின்ட் காயல்லயே" என்றாள் றாபியா.

"காயாட்டிப் போகுது. நீ வெய்யி."

றாபியா வளையல் கையைக் கதவில் வைத்தாள். பிறகு சாய்ந்து, நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாள். மாத்தளை என்ன மக்காவா என்று கேட்கிற மனுசனும் பக்கத்தில் நின்று, ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் அழுதார்.

பெயின்ட் இறுகிய பிறகு ஒரு காலையில் ஸக்கரியா சவர்க்காரத் தண்ணீரும் பழைய பருத்தித் துணியுமாக உட்கார்ந்து, அழுத்தாமல், ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத் துடைத்தார். பாஸ் சொன்னபடியே பஞ்சு விட்டுக்கொடுத்தது. இங்குமங்கும் ஒன்றிரண்டு இழை மட்டும் ஒட்டியிருந்தது. மத்தியானம் பாஸும் டின்னின் அடியில் மிச்சமிருந்த பெயின்டோடு வந்தார். பொனட்டில் உரிந்த இடத்தைச் சரிசெய்தார். பிறகு பின் கதவில் பதிந்திருந்த ஐந்து விரலையும் வளையல் கீறலையும் பார்த்து, சேன்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"பாஸ்," என்றார் ஸக்கரியா, "அதில மட்டும் கை வெக்க வாணாம்."