கூட்டம் இன்னும் தொடங்கவில்லை

என் அண்ணியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கடவுளின் வாயை அடைத்தவள் என்பது ஒன்று. கட்டின புருஷன் வாயையும் சேர்த்து அடைத்தவள் என்பது இன்னொன்று. இரண்டும் பச்சைப் பொய். கடவுளின் வாயை யாரும் அடைக்கவில்லை. நகரமன்றத் தலைவரின் வாயைத்தான் கொஞ்ச நேரம் அடைத்தார். என் அண்ணனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதைச் சொல்கிற நான் அந்த வீட்டு நாத்தனார். நாத்தனாரே அண்ணிக்குப் பரிந்து பேச வருகிறாள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு நகரமன்றக் கூட்ட அரங்கில் மைக் இயக்குகிற வேலை. ஊர் முழுக்க அவருக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். அரங்கம் சின்னது. வளைந்த மேசையைச் சுற்றி உறுப்பினர்கள், எதிரில் பொதுமக்கள் உட்கார நாலைந்து பெஞ்சு, நடுவில் மனு கொடுக்கிறவர்கள் நின்று பேச ஒரு மைக். உள்ளே ஸ்பீக்கர் கிடையாது, தேவையும் இல்லை. மைக்கெல்லாம் ஒலிப்பதிவுக்கும், வெளிச்சுவரில் தெருவைப் பார்த்து மாட்டியிருக்கிற இரண்டு ஸ்பீக்கர்களுக்கும்தான். வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார முடியாதவர்கள் தெருவில் நின்றபடியே கேட்கட்டும் என்று எப்போதோ யாரோ புண்ணியவான் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு மைக்கின் கழுத்திலும் ஒரு சிவப்பு விளக்கு. மூலையில் அண்ணியின் மேசை, அதில் அவருக்கென்று ஒரு மைக், வரிசையாகச் சுவிட்சுகள்.

"விளக்கு எரிஞ்சா அது ஊருக்குச் சொன்ன பேச்சு. எரியலன்னா அது அவங்கவங்க சொந்தப் பேச்சு" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் ரொம்பக் கறார்.

வீட்டில் என் அண்ணன் பெரிய பக்திமான். மருந்துக்கடையில் வேலை. காலையில் எழுந்தால் பிரார்த்தனை, சாப்பிட உட்கார்ந்தால் பிரார்த்தனை. ரேடியோவில் யாராவது பிரார்த்தனை சொன்னால்கூட எழுந்து நிற்பார். அண்ணிக்குக் கடவுள் நம்பிக்கை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் அண்ணன் கண்ணை மூடினால் ரேடியோவை அணைத்து, கதவைச் சாத்தி, பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்.

"உனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன்" என்பார் அண்ணன்.

"தாராளமா வேண்டுங்க. என் பேரைச் சொல்லி எதையும் ஒத்துக்காம இருந்தாச் சரி."

இப்படியே பாதி ஆயுள் ஓடிவிட்டது. ஒருநாள்கூடச் சண்டை இல்லை. நான் மாடியில் குடியிருந்து தையல் தைக்கிறவள், எனக்குக் கேட்காமல் அங்கே ஒரு சண்டை நடக்க முடியாது. நானும் கும்பிடுகிறவள்தான். ஊசி உடைந்தால்கூட முதலில் கடவுளைத்தான் கூப்பிடுவேன், திட்டுவதற்கு.

அண்ணியின் அப்பா ஒரு மதம், அம்மா வேறு மதம். கல்யாணத்தோடு இருவரும் இரண்டையும் விட்டுவிட்டார்கள். அப்பா இறந்தபோது பொது மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் 'பொது' என்று பெரிய பலகை. உள்ளே நடுவில் ஒரு சுவர், பக்கத்துக்கு ஒரு மதம். வாசலில் இருந்த ஊழியர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பக்கம்?" இந்தப் பக்கத்துக்காரர்கள் அவர் எங்களை விட்டுப் போனவர் என்றார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் எங்களிடம் வரவே இல்லையே என்றார்கள். சாயங்காலம் வரை உடல் வண்டியிலேயே வெயிலில் கிடந்தது. கடைசியில் மண்வெட்டிகள் வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு இடம் கொடுத்தார்கள்.

அந்த ஊழியர் மேல் அண்ணிக்குக் கோபம் இல்லை. "அவர் நல்ல மனுஷன், எங்கம்மாவுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தார். அவரை உக்கார வெச்சு அந்தக் கேள்வியக் கேக்கச் சொன்னாங்க பாரு, அவங்களத்தான் என்னால மன்னிக்க முடியல. எங்கப்பா கட்டின வரியிலதானே அவருக்கும் சம்பளம் வந்துது?" என்பார்.

இப்படிப்பட்டவர் மைக் போடுகிற அரங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த சூட்டோடு, இனிமேல் கூட்டம் பிரார்த்தனையோடுதான் ஆரம்பிக்கும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றார். அவருடைய பிரார்த்தனை. உடனே இன்னொரு மதத்து உறுப்பினர், எங்களுடையதும் வேண்டும் என்றார். மூன்றாமவர் சும்மா இருப்பாரா? மூன்று பிரார்த்தனை ஆயிற்று. ஒருவர் கொஞ்சம் நீட்டினால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். சாப்பாட்டு மணி அடித்தால் கூட்டம் கலைந்துவிடும், அது மட்டும் தள்ளிப்போகாது இல்லையா? மனு கொடுத்தவர்கள் பேசுகிற நேரம் தேய்ந்துகொண்டே போயிற்று.

அப்போதும் அண்ணி வீட்டில் முணுமுணுத்ததோடு சரி. சலவைக்காரம்மா வந்த பிறகுதான் பொங்கினார்.

அந்த அம்மா இருக்கிற தெருவில் சாக்கடைக் குழாய் உடைந்து போயிருந்தது. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் நாற்றம். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆளாக வந்து மனு கொடுத்துவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மதத்தில் பிறர் பிரார்த்தனையில் சேரக்கூடாது. அதனால் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி அமைதியாக இருந்தார், அவ்வளவுதான். பிரார்த்தனை முடிந்து கண்ணைத் திறந்த தலைவர் அதைப் பார்த்துவிட்டார்.

"மரியாதை தெரியாதவங்க கடைசியில பேசலாம்."

கடைசி வரவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அடுத்த கூட்டத்திலும் அப்படியே. மனுவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா படியிறங்கிப் போனதை அண்ணி மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.  

அதற்கடுத்த கூட்டத்தில், பிரார்த்தனை தொடங்கியதும் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்! பிரார்த்தனை முடிந்து கண்ணைத் திறக்கும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இப்படியே பல மாதம் ஓடியது. மூன்று பேரும் போட்டி போட்டு உருகியதில் ஒரு சொல்கூட அந்தச் சுவரைத் தாண்டவில்லை. அண்ணி இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

"இதுல என்னடி பெருமை? திருட்டுத்தனமா அணைக்கிறேன். அந்தம்மாவுக்கு இன்னும் பேச முறையே வரல" என்றார்.

குட்டு வெளிப்பட்டது தலைவரின் மாமியாரால். அரங்கத்துக்கு நேர் எதிர் மாடியில், ஸ்பீக்கருக்கு முகத்துக்கு முகமாக அந்த அம்மாவின் ஜன்னல். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டிருக்கிறார்: "என்ன மாப்பிள்ளை, பிரார்த்தனைய நிறுத்திட்டீங்களா? நானும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நேரா குப்பை வண்டி விஷயம்தான் வருது."

தலைவர் சோற்றில் கைவைத்தபடியே உறைந்துபோனாராம். மறுநாள் அண்ணியை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு ஆஃப் பண்ணீங்க?"

"யாரைக் கேட்டு ஆன் பண்ணணும் ஐயா? மைக் கூட்டத்துக்கு. பிரார்த்தனை மன்றத்தோட வேலை இல்ல."

"கடவுள் பேரைச் சொல்றதுல உங்களுக்கு என்னம்மா நஷ்டம்?"

"ஒரு நஷ்டமும் இல்ல. என் வீட்டுக்காரர் தினம் சொல்றார், நான் கதவைச் சாத்திக் குடுக்கிறேன். நீங்க சொன்னதும் கடவுளுக்குக் கேட்டிருக்கும். தெருவுக்குத்தான் கேக்கல. அப்ப நீங்க இத்தனை நாளா யாருக்குச் சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

தலைவர் கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் போட்டார். பிறகு சொன்னார்: "அடுத்த கூட்டத்துல விளக்கு எரியணும். எரியலன்னா அந்த நாற்காலியில வேற ஆள் இருப்பாங்க."

"சரிங்க. அந்தம்மா எப்ப பேசுவாங்க?"

"எந்தம்மா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதுதான் அண்ணிக்குக் குரல் உடைந்தது. "எந்தம்மான்னு கேக்கிறார்டி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? அந்த நேரத்துக்குச் சுவிட்சைத் தட்டிட்டுப் பேசாம உக்காருங்களேன். நாளைக்கு வேலை போச்சுன்னா?"

"போகட்டும். நல்லாக் கேட்டுக்கோ. கும்பிடறவங்க கும்பிடட்டும், வீட்டுல, தெருவுல, கோபுரம் கட்டி, கோட்டை கட்டி, எப்படி வேணா. யாராவது தடுத்தா நானே போய் முன்னாடி நிப்பேன். ஆனா அந்தக் கூடம் எல்லாருக்கும் பொது. அங்க எழுந்து நின்னவங்களுக்குத் தண்ணி, உக்காந்தவங்களுக்குச் சாக்கடைன்னா, அது பக்தியா? அது அதிகாரம். கடவுள் பேரை மேல போர்த்திக்கிட்டு வர்ற அதிகாரம். எந்தப் பக்கம்னு கேக்கிற சுவத்தைக் கொண்டுவந்து என் மைக்குக்கு நடுவுல கட்டறாங்க. அதுக்கு நான் செங்கல் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அண்ணன் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், வழக்கத்தைவிட நீளமாகப் பிரார்த்தனை செய்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கூட்டத்தன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னைத் தடுக்க வர்றீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"பாக்க வர்றேன்."

என்னால் வீட்டில் இருப்புக்கொள்ளுமா? நானும் கிளம்பினேன்.

அரங்கத்தில் முன் பெஞ்சில் சலவைக்காரம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அண்ணனும் நானும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அண்ணி வழக்கம்போலத் தன் மைக்கைச் சோதித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவார். அன்றைக்கு நிறுத்தவில்லை.

"ஊராருக்கு வணக்கம். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. உறுப்பினர்கள் அவரவர் பிரார்த்தனையைச் செய்யப்போகிறார்கள். அது முடிந்து கூட்டம் தொடங்கியதும் விளக்கைப் போடுகிறேன். மனு கொடுத்தவர்கள் வந்த வரிசைப்படி பேச வேண்டும் என்பது மன்றத்தின் விதி. முதல் மனு சலவைக்காரம்மாவுடையது."

அத்தனையும் தெருவுக்குப் போயிற்று. பிறகு தன் விளக்கை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைவர் மேசையைத் தட்டினார். "விளக்கைப் போடுங்க!"

"கூட்டம் தொடங்கட்டும் ஐயா, போடறேன்."

"எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. சலவைக்காரம்மாவைத் தவிர எல்லோரும் எழுந்தார்கள். பழக்க தோஷம், நானும் பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். ரேடியோவுக்கு எழுந்து நிற்கிற மனுஷன்! முழங்கால் மேல் இரண்டு கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தேன்.

மருந்துக்கடைக்காரரைத் தலைவருக்கு நன்றாகத் தெரியும். வழிபாட்டு இடத்தில் இவருக்கு முன்னால் வந்து நிற்கிறவர் அண்ணன்.

"என்ன, உங்களுக்குமா நம்பிக்கை போயிடுச்சு?"

"இருக்குங்க. அதனாலதான் உக்காந்திருக்கேன்" என்றார் அண்ணன். "நான் எழுந்திருக்கிறது கடவுளுக்காக. நீங்க சொல்லி எழுந்தா அது உங்களைக் கும்பிட்ட மாதிரி ஆயிடும். அது எனக்குப் பாவம்."

அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையைத் துடைக்கிற பாவனையில்.

பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தார். அப்புறம் இன்னொருவர். தலைவர் தன் பிரார்த்தனையை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். அன்றைக்கு ஒருவரும் கண்ணை மூடவில்லை, எல்லோரும் எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற இருவரும் தங்கள் முறை வந்தபோது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்கள். கூட்டம் தொடங்கியதாகத் தலைவர் முனகினார். விளக்குகள் எரிந்தன.

"முதல் மனு" என்றார் அண்ணி.

மறுத்துச் சொல்லத் தலைவர் வாயைத் திறந்தார். தன் மைக்கில் விளக்கு எரிவதைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சலவைக்காரம்மா நடுவில் போய் நின்று மைக்கை விரலால் தட்டினார். "கேக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தெருவின் எதிர் மாடி ஜன்னலிலிருந்து, தலைவரின் மாமியார் அரங்கமே அதிரக் கத்தினார்: "நல்லாக் கேக்குது! நீ சொல்லும்மா!"

அந்த வாரமே அண்ணியை மைக்கிலிருந்து தூக்கிக் குழாய்க் கிடங்கில், கேட்கிற அளவுக்குக் குழாய் எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். ஊர் கோடியில் தகரக் கூரை, துருவும் கிரீஸும், வெயில் காலத்தில் உள்ளே கால் வைக்க முடியாது. தலைவர் இப்போது தன் அறைக்குள் பிரார்த்தனையை முடித்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருகிறார். மற்றவர்களும் அப்படித்தான். யாருடைய கடவுளும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சலவைக்காரம்மா தெருவுக்கான சாக்கடைக் குழாய் அண்ணியின் கிடங்கிலிருந்துதான் போயிற்று. வண்டியில் ஏற்றும்போது ஆட்களோடு சேர்ந்து அண்ணியும் ஒரு பக்கம் பிடித்தாராம்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். "பாவம் அண்ணி நீங்க, இந்தத் தகரக் கொட்டகையில கிடந்து வேகறீங்க" என்றேன்.

"எதுக்குப் பாவம்? இங்க யார் வந்தாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கிறேன்."

அப்போது வாசலில் யாரோ வந்து நின்றார். அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தனை அங்குலம்?" என்று கேட்டார்.