பத்தொன்பது பாட்டில்

மண்டபத்தில் சுறா எண்ணெய் காய்ச்சும் ஒரு சின்னப் பட்டறையில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என் சட்டையைத் துவைக்கச் சொன்னாலே வீட்டில் சண்டைதான். அங்கே பாட்டில்களைச் சோதித்துப் பார்த்தவள் குல்சும். புருஷன் கபீர், சுறாவுக்குப் போகும் வள்ளத்தில் ஆள்.

மூடி போட்ட பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, எண்ணெய்க்குள் தூசி துரும்பு கிடந்தால் ஒதுக்க வேண்டும். இதென்ன பெரிய வேலை என்று ஒரு நாள் நானும் உட்கார்ந்தேன். நூறாவது பாட்டில் வருவதற்குள் கண் பூத்துப்போய் எல்லாமே நல்ல சரக்காகத் தெரிந்தது. அவளோ ஒரு நாளைக்கு எண்ணூறு பார்ப்பாள். வளையல் மின்னி ஏமாற்றும் என்று அதைக்கூடக் கழற்றிவிடுவாள். கழுத்தில் கபீர் கட்டிய கருகமணி மட்டும் கிடக்கும். நான்கு வருஷத்தில் அவள் விட்ட பாட்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

1958 ஐப்பசியில் கபீர் போன வள்ளம் எட்டு நாளாகியும் திரும்பவில்லை. புதன்கிழமை மாரியூருக்கு நேரே பார்த்ததாக யாரோ சொன்னதோடு சரி.

"வீட்டுல ஒக்காந்தா சுவரு பேசுதுண்ணே, வேலைக்கே வாரேன்" என்றாள் குல்சும். "அவுக வந்துருவாக, இன்ஷா அல்லா."

அன்று மத்தியானம் பத்தொன்பது பாட்டிலை ஒதுக்கி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"என்ன தங்கச்சி, நல்ல சரக்கப் போயி ஒதுக்குற?"

"உள்ள ஒண்ணு அசையுதுண்ணே. கவுத்தினா கீழ எறங்க மாட்டேங்குது. எம் மூஞ்சிப் பக்கமா வருது."

கவலையில் கண் தடுமாறுகிறது என்று நினைத்தேன். முதலாளி பார்த்தால் வேலை போய்விடும். அவள் தொழுகைக்குப் போன நேரத்தில், அந்தப் பத்தொன்பதையும் இருநூறு பாட்டிலோடு கலந்து வைத்தேன். வந்தவள் ஒன்றுவிடாமல் திரும்பப் பார்த்தாள். ஒதுக்கியது பத்தொன்பது.

மூடிக்குள் வைக்கும் அட்டையில் எந்த டின் எண்ணெய் என்று எண் போட்டிருப்போம், திறந்தால்தான் தெரியும். திறந்தேன். பத்தொன்பதிலும் முப்பத்தொன்று. பதிவேட்டைப் புரட்டினேன். முப்பத்தொன்றாம் டின், மாரியூரில் வியாழக்கிழமை பிடிபட்ட ஒரே ஒரு பெரிய சுறாவின் ஈரல். கபீரின் வள்ளத்தைப் பார்த்ததாகச் சொன்ன புதனுக்கு மறுநாள்.

நிமிர்ந்தால் வாசலில் குல்சும்.

"எங்கன புடிச்ச சுறாண்ணே அது?"

"பல ஊருச் சரக்கும்மா. கலந்து வந்தது."

பாட்டிலைப் பார்க்கிற அதே பார்வையை என் முகத்தில் வைத்தாள். தலையைச் சற்றே சாய்த்து, அவசரமில்லாமல். நான் இமைக்கவும் பயந்து நின்றேன். பார்த்து முடித்து, என்னையும் ஒதுக்கிவிட்டாள்.

கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கருகமணியை அவிழ்த்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"புருசன எழந்தவ இத்தா இருக்கணும்ணே. நாலு மாசம் பத்து நாளு. அப்பறம் வாரேன்."

அழவில்லை. நான்தான் அழுதேன். அந்தப் பத்தொன்பதையும் கடலில் ஊற்றினேன். ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சொன்ன நாளில் வந்து அதே ஜன்னலில் உட்கார்ந்தாள். வள்ளம் அதுவரை வரவில்லை, பிறகும் வரவில்லை. அதற்கப்புறம் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.