நூல் சுற்றும் கடிகாரம்

வளர்மதிக்குக் கை சும்மா இருந்தால் தலை வலிக்கும். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தவள். மாமனார் வேதகிரிக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து கடை பூட்டிக் கிடந்தது. புருஷன் கோபாலுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தால் ஏறிப் போய்விடுவான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கடையின் சொந்தக்காரர் ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருந்தார். அதற்குள் திறக்காவிட்டால் அந்த இடம் செல்போன் ரிப்பேர்காரனுக்கு.

மாமனாரைக் கழுவித் துடைப்பது அவளுக்குப் பாரமாக இல்லை. பாரமெல்லாம் ஒரு கேள்விதான்.

"வளரு, மணி இன்னா?"

போய்ச் சொல்லிவிட்டு வந்து கரண்டியைக் கையில் எடுப்பாள். மறுபடியும் அதே குரல்.

"எதுர்லயே கடியாரம் மாட்டி கீது மாமா."

"அது நின்னு பூட்ச்சி."

"ஓடிக்கினுதான் கீது."

"ஓடுனா கண்ணுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணுக்குச் சுவர்க் கடிகாரத்தின் மெல்லிய நொடிமுள் ஓடுவது தெரியாதுதான். அதோடு, மனுஷன் ஆயுசு முழுக்க எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பினதில்லை. கழனிக்குத் தண்ணீர் வருகிறது என்று யார் சொன்னாலும் வாய்க்காலில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்டவரைக் கட்டிலில் போட்டால் என்ன ஆகும்? வீடே அவரோடு சேர்ந்து புரண்டு படுத்தது.

பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள் பகலில் வந்து பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள். ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "கஞ்சி குடுக்கறேன், திருப்பிப் படுக்க வெக்கறேன். கூப்புட்டதுக்கெல்லாம் ஓடியாற என் முட்டி தாங்காது." ஆக, அந்தக் கேள்வி ஓய்ந்தால் வளர்மதி கடைக்குப் போகலாம். ஓயாவிட்டால் போக முடியாது.

அந்தப் பரபரப்பில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் விநோதமான ஒரு கடிகாரத்தின் வீடியோ கண்ணில் பட்டது. அந்தக் கடிகாரத்தில் பெண்டுலம் கிடையாது. உச்சியில் ஒரு சின்னக் கை, அதன் நுனியில் நூல், நூலின் நுனியில் ஒரு குண்டுமணி. கை சுற்றும்போது நூல் இந்தப் பக்கத்துக் கம்பியில் மாட்டிச் சுருட்டிக்கொள்ளும், பிறகு தானாகப் பிரியும். பிரிந்ததும் கை அரைச் சுற்று சுற்றி, நூல் அந்தப் பக்கத்துக் கம்பியில் போய்ச் சுருட்டிக்கொள்ளும். ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. இது தனக்காகவே செய்தது என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் பார்த்துத் தானே ஒன்று செய்ய உட்கார்ந்தாள்.

பழைய சாவிக் கடிகாரம் ஒன்றின் பல்சக்கரங்கள், சைக்கிள் கம்பி இரண்டு, கறுப்புப் பெயின்ட் அடித்த டின் மூடியில் வெள்ளை எண்கள், இரண்டு முட்கள். சக்கரத்தை இழுக்க ஓர் எடைக்கல். கல் இறங்கிவிட்டால் மேலே ஏற்றுகிற கயிறு மாமனாரின் நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி நீளம். நூல் விஷயத்தில்தான் அவள் படாத பாடு பட்டாள். காட்டன் நூல் பிசிறு விட்டுச் சிக்கியது. பாலியஸ்டர் நூல் வழுக்கியது. கடைசியில் பித்தான் தைக்கிற நூலுக்கு மெழுகு ஏற்றினாள். சமையலறை மேடையில் வைத்ததும் குண்டுமணி பறந்து பறந்து ஓட ஆரம்பித்தது. கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது, செல்போன் காட்டுகிற மணியை எப்போதும் முந்தியது. போகட்டும், அவர் என்ன ரயிலா பிடிக்கப் போகிறார்?

"செவுத்துல ஒண்ணு கீது, இன்னொண்ணு எதுக்கு?" என்றான் கோபால். அவள் எடைக்கல்லை மேலே ஏற்றிவிட்டாள்.

மறுநாள் அதைத் தூக்கிப் போய் மாமனாரின் எதிரில் வைத்தாள். குண்டுமணி கம்பியைத் தேடிப் போகாமல் அந்தரத்தில் தள்ளாடியது, பிறகு நூல் சிக்கி நின்றது. பிரித்து விட்டாள், மறுபடி சிக்கியது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் விசிறி இல்லை என்பது இத்தனை நாளும் அவளுக்கு உறைக்கவே இல்லை. பிஸ்கட் பாட்டிலைக் கவிழ்த்து மூடிப் பார்த்தாள், நூல் அதன் சுவரில் மோதியது. ஆனி மாத வெக்கையில் படுக்கையில் கிடக்கிறவருக்கு விசிறியை நிறுத்துவது பாவம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"காத்து அடிச்சா ஓடாது மாமா."

வேதகிரி கடிகாரத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். "அப்போ ஃபேன நிறுத்து."

"வேர்க்கும்."

"வேர்க்கட்டும். கழனில எவன் எனக்கு ஃபேன் போட்டான்?"

நிறுத்தினாள். குண்டுமணி ஓடியது. மாமனாரின் கண் அதோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அன்று மதியம்வரை அவர் மணி கேட்கவே இல்லை. வளர்மதிக்குத்தான் அந்தக் குரல் காதில் விழாமல் இருப்புக்கொள்ளவில்லை, இரண்டு தடவை உள்ளே போய் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த நாள் கடையைத் திறந்தாள். மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள், ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினாள், அதையும் கோணலாக வெட்டினாள். வாசலில் போகிற பஸ்ஸை எல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள். கல் இறங்கி நின்றிருக்குமோ? நூல் அறுந்திருக்குமோ? பொறுக்க முடியாமல் மத்தியானமே ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தாயாரம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"மணி கேட்டுத் தொந்தரவு பண்ணாராக்கா?"

"மணியே கேக்கல. வளரு எப்போ வருவா, வளரு எப்போ வருவான்னுதான் உயிர எடுத்துட்டாரு."

வளர்மதி உள்ளே போனாள். மாமனார் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வியர்வை கழுத்தில் வழிந்தது, கண் கடிகாரத்திலேயே இருந்தது.

"இன்னா, சீக்கிரமே வந்துட்ட?" என்றார், கேட்கவே கேட்காதவர் போல.

முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து, டின் மூடியில் ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள்.

"சின்ன முள்ளு இங்க வர்றப்போ நா வூட்ல இருப்பேன் மாமா. தெனமும்."

அவர் அந்தக் கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நீ லேட்டா வந்தின்னா?"

"கடியாரம் ஃபாஸ்ட்டா ஓடுதுன்னு நெனச்சிக்கோங்க."

வேதகிரி சிரிக்கவில்லை. "அது சரியாத்தான் ஓடுது," என்றார்.

அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று வளர்மதிக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப ஒரு பஸ் முன்னாலேயே ஏறினாள்.