ஆறு மணிச் செய்தி மீது ஒரு முறைப்பாடு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சித்தி ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் மீது முறைப்பாடு எழுதினார். ஆக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் சித்தியும் எங்கள் குடும்பமும் ஒன்றாக இருந்தோம். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வரும் சித்தி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஆறு மணிச் செய்தியின் முன் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வாரம் முழுக்க நியூ கலிடோனியாதான். இங்கிருந்து மூன்று மணி நேரம் பறந்தால் வரும் தீவு. இன்னும் பிரான்சின் ஆட்சியில் இருப்பது. அந்த மண்ணின் மக்களான கனாக்குகள் வீதிகளை மறித்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். செய்தியில் பேசியவர்களோ, விமானம் கிடைக்காமல் ஹோட்டலில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் தீர்ந்துபோனதைப் பற்றி ஒருவர் வெகுநேரம் கவலைப்பட்டார்.

"இது எங்கட பிரச்சினையே?" என்றார் அப்பா.

"ஓம் அத்தான். எங்கட ஊரில யுத்த நேரம் எங்களைப் பற்றியும் மற்ற நாட்டுக்காரர் இப்பிடித்தானே சொன்னவங்கள். அப்ப ஆரும் ஒரு கடிதம் எழுதேல்லை."

முறைப்பாட்டுக்காக, செய்தியில் யார் எத்தனை வினாடி பேசுகிறார்கள் என்று ஐந்து நாள் அளந்து எழுதுவது என் வேலை. வியாழக்கிழமை தவிர மற்ற நான்கு நாளும் ஒழுங்காகச் செய்தேன். அன்று சித்திக்கு மாலை வேலை. பக்கத்து வீட்டுச் சிநேகிதி புது ஸ்கூட்டரோடு வந்து கூப்பிட்டாள். போகும் அவசரத்தில் 'கனாக்குகள்: பூச்சியம்' என்று எழுதிவைத்தேன். அதுவரை எல்லா நாளும் பூச்சியம்தானே.

சித்தி முறைப்பாட்டை அனுப்பி மூன்று வாரம் கழித்து நிலையத்திடமிருந்து பதில் வந்தது. வியாழக்கிழமை ஒரு கனாக் பெண் பதினொரு வினாடி பேசியிருக்கிறார், முறைப்பாட்டின் கணக்கே தவறு, நிராகரிக்கிறோம்.

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். சித்தி திட்டவில்லை. வீங்கிய கால்களைத் தேய்த்தபடி கேட்டார்:

"அந்த மனுசி என்ன சொன்னவா எண்டு கடிதத்தில இருக்கே?"

தேடிப் பார்த்தேன். இல்லை. பதினொரு வினாடி மட்டும்தான் இருந்தது.

பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, முறைப்பாடுகளை விசாரிக்கும் மேலிடத்துக்கு மறுபடி எழுதினார். அதையும் சில மாதங்களில் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் கடிதத்தை அவர் பாதி வாசித்ததுமே மடித்துவிட்டார்.

பிறகு அந்த வியாழக்கிழமைச் செய்தியை இணையத்தில் தேடி எடுக்கச் சொன்னார். அந்தப் பெண் பிரெஞ்சில் பேசத் தொடங்கியதுமே ஆங்கில மொழிபெயர்ப்புக் குரல் அதை மூடிவிட்டது. சித்தி திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டி, அடியில் கிடந்த அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்தார்.

சித்திக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. அப்படி எதைத்தான் கேட்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.