சின்னத்துரை சித்தப்பாவின் சத்தமில்லாத கார்

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், கீரமங்கலம் சின்னத்துரை அவர்களின் அன்புக்குரிய காரின் ஹாரன், நெடுநாள் தொண்டைக்கட்டுக்குப் பிறகு இன்று காலை இயற்கை எய்தியது. இறுதி மரியாதை மெக்கானிக் வரும்போது நடைபெறும். ஆடுகள், மாடுகள், குறுக்கே வரும் டூவீலர்கள் அனைவரும் இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்."

டியூஷன் வாசலில் நின்றபடி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் நான் போட்ட அறிவிப்பு இது. நான் எதைப் போட்டாலும் மற்றவர்கள் ஒரு சிரிப்புப் பொம்மையோடு நகர்ந்துவிடுவார்கள். சின்னத்துரை சித்தப்பா மட்டும் பேசி அனுப்புவார். காது மந்தம் என்பதால் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசுவார். அதைக் கேட்பதற்காகவே நான் பாதி அறிவிப்புகளைப் போடுவேன். அன்று அவரிடமிருந்து பதில் வரவில்லை. "மௌன அஞ்சலி செலுத்தும் சித்தப்பாவுக்கு நன்றி" என்று இன்னொன்றையும் தட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்து வந்தது அப்பாவின் செய்தி. தோப்பில் மோட்டார் பழுது பார்க்கப் போன இடத்தில் சித்தப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. என்னுடைய இரண்டு அறிவிப்புகளுக்கும் நேர் கீழே அது இருந்தது. அழிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா மகள் தேன்மொழி அக்காதான் பிற்பாடு, "அழிக்காதடா, கெடக்கட்டும்" என்றாள்.

நாளை படத்திறப்பு. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலி இறக்கி, தண்ணீர் கேன் சுமந்து, வந்தவர்களுக்கெல்லாம் "எப்படி ஆச்சு" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, உடம்பிலும் வாயிலும் தெம்பு இல்லை. எழுத்து ஓரிடத்தில் இழுத்துக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தப்பா என் அப்பாவின் தம்பி. மகள் தேன்மொழி நடை பழகும் முன்பே வளைகுடாவுக்குப் போனவர். அங்கே ஜெனரேட்டர் அறையில் வேலை. பேச்சே எடுபடாத அந்த அறையில் வருடக்கணக்காக நின்று நின்று காது மந்தமாகிவிட்டது. "அந்த மெஷினை அங்கிட்டே விட்டுட்டு வந்தேன்டா, அதோட சத்தம் மட்டும் கூடவே பிளைட் ஏறி வந்துருச்சு" என்பார்.

அக்கா புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்ததும் ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். ஊருக்குள் மோட்டார் வேலை பார்த்துக்கொண்டே தினமும் மகளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என்று ஏற்பாடு. பஸ் இருக்கும்போது எதற்கு இது என்று சித்தி கேட்டதற்கு, "அவ வளந்ததப் பூராம் போன்லதான் பாத்தேன். இந்தப் போக வர நேரமாவது எனக்கு வேணும்" என்றார்.

அக்காவுக்கு அப்பா என்பவர் லீவில் வருகிற விருந்தாளி. "வாங்கப்பா, சாப்பிடுங்கப்பா" என்றுதான் பேசுவாள். பெயர் தேன்மொழி என்று வைத்ததாலோ என்னவோ, பேச்சும் தேன் இறங்குகிற வேகத்தில், தேன் இறங்குகிற சத்தத்தில்தான் வரும். அந்தக் காரோ ஓடும்போது கரும்பு மிஷின். சித்தப்பா திருச்சியில் காது மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். அது மகளின் குரலை விட்டுவிட்டு இன்ஜினைத்தான் இன்னும் பெரிதாக்கிக் கொடுத்தது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்.

ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"டேய் கதிரு, ஒரு விசயம். அவ ஏதோ சொல்லுவா. நான் என்னம்பேன். திரும்பச் சொல்லுவா. மறுபடியும் என்னம்பேன். ஒடனே ஒன்னுமில்லப்பான்னுருவா. அந்த 'ஒன்னுமில்லப்பா' மட்டும் எனக்கு நல்லாக் கேக்குதுடா. அதுக்கு முன்னாடி சொன்னதுதான் கேக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கார் சத்தத்தை வீட்டிலேயே குறைக்கலாம் என்று போனில் வீடியோக்கள் பார்த்துக் கண்டுபிடித்தவன் நான். இந்த வட்டாரத்தில் காருக்கு வாய்ப்பூட்டு போட்ட முதல் ஆள் நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். தலைமைப் பொறியாளர் கதிர், உதவியாளர் சின்னத்துரை. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, கதவின் உள்பக்க அட்டையைப் பிடுங்கி, வெறுந்தகரத்தின் மேல் பிசுபிசுப்பான ஒரு கனத்த ஷீட்டை ஒட்ட வேண்டும். தகரத்தின் அதிர்வு அடங்கும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஷீட் ஊரில் கிடைக்கவில்லை. மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட் ஹார்டுவேர் கடையில் இருந்தது. பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி. கடைக்காரர், "எந்த எடத்துல ஒழுகுது?" என்று கேட்டார்.

"ஒழுகலைங்க, கத்துது" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஷீட்டை வெட்டிக் கொடுத்தார்.

சித்தியின் சப்பாத்திக் கட்டையால் உருட்டி உருட்டி ஒட்டினோம். கூரையில் ஒட்டும்போது கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு கைநிறைய திருகாணி மிஞ்சியது. "கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்ருக்கான்" என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். கட்டை திரும்பிப் போன கோலத்தைப் பார்த்த சித்தி, "இனிமே ரெண்டு பேருக்கும் தார்ல சப்பாத்தி" என்றார்.

சித்திரை வெயில் வந்தது. ஒரு கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டையோடு போய் இறங்கிய சித்தப்பாவின் தோளில், கூரையிலிருந்து கறுப்பாக வழிந்திருந்தது. மாடியில் இருக்க வேண்டிய தார் காருக்குள் உருகி ஓடுகிறது. கல்யாண வீட்டில் யாரோ, "என்ன மாப்ள, ரோடு போட்டுட்டு நேரா வாரியா?" என்று கேட்டார்களாம். எனக்கு அர்ச்சனை நடக்கும் என்று நான் ஒளிந்துகொண்டேன். அவர் வந்து, "பட்டி போடுற தகடு இருக்காடா? சொரண்டணும்" என்று மட்டும் கேட்டார். மண்ணெண்ணெய் நாற்றத்தோடு நாள்கணக்கில் சுரண்டினோம். சலித்துப்போய் நான் விட்டுவிடலாம் என்றபோது, "நீ போய்ப் படி, நான் பாத்துக்கறேன்" என்றார். அது கோபமில்லை. ஆனால் அதற்கப்புறம் எழுந்து போக முடியவில்லை.

பிறகு திருச்சியிலிருந்து சரியான ஷீட் வந்தது. மேலே வெள்ளித்தாள் ஒட்டியது. இந்த முறை ஓர் இண்டு இடுக்கு விடாமல் ஒட்ட வேண்டும் என்பது தலைமைப் பொறியாளரின் கண்டிப்பான உத்தரவு. கதவின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் வளைத்து ஒட்டி அடைத்தேன். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போவதற்கென்றே வைத்த ஓட்டைகள் அவை என்பது எனக்குத் தெரியாது. சித்தப்பாவும் என்னை நம்பிவிட்டார். முடித்ததும் கதவைத் தட்டிப் பார்த்தார். முன்பு டங்கென்று இருந்தது, இப்போது தொப்பென்று இருந்தது. "பலாப்பழம் மாதிரி இருக்குடா" என்று இன்னொரு முறை தட்டினார்.

அடித்துப் பெய்த மழைக்கு மறுநாள் காலை, ஆலங்குடிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் குடம் தளும்புகிற சத்தம்.

"அப்பா, கதவுக்குள்ள தண்ணி கெடக்கு."

"என்னம்மா?"

"தண்ணிப்பா."

"என்ன?"

வழக்கம்போல 'ஒன்னுமில்லப்பா' என்று சொல்ல அவள் வாயெடுத்திருக்கிறாள். அதற்குள் அடுத்த வளைவு. காலடியில் சில்லென்று கொட்டவும், "அப்பா! தண்ணி!" என்று அலறிவிட்டாள். சித்தப்பா பதறிப்போய் ஓரங்கட்டி, குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டியிருக்கிறார். அக்கா கதவைக் காட்ட, ஸ்க்ரூ டிரைவரால் கீழே ஒரு குத்து. தண்ணீர் பீய்ச்சியடித்ததைப் பார்த்து இருவரும் ரோட்டில் நின்று சிரித்தார்களாம். அப்பாவோடு அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் சித்தப்பா என்னைத் தேடி வந்தார்.

"கதிரு, ஓட்ட அடைச்ச கத அப்பறம். வண்டி அமைதியாயிருச்சுடா. அவ பேசுனது பூராம் கேட்டுச்சு. காலேஜ்ல நடந்தது, கூடப் படிக்கிற புள்ளைக கத, மேக்கொண்டு என்ன படிக்கப்போறேங்கிறது, எல்லாஞ் சொல்றா. எம்புட்டுப் பேசுறா தெரியுமா?"

அதிலிருந்து போகிற இடமெல்லாம் இதே பேச்சுத்தான். டீக்கடையில், தோப்பில், கோயிலில், "எங்க அண்ணன் மகன் செஞ்ச வேல, கார் கோயில் கணக்கா இருக்கு" என்று யாரைப் பார்த்தாலும் கதவைத் தட்டிக் காட்டுவார். நானும் பக்கத்தில் நின்று அடக்கமாகத் தலையாட்டுவேன். நின்ற வண்டியில் தட்டிப் பார்த்ததோடு சரி. வேலை முடிந்த பிறகு ரோட்டில் ஓடும்போது அதில் நான் போனதே இல்லை. பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது.

இன்று காலைதான் போனேன். சட்டம் போட்ட படத்தை வாங்க, அக்கா ஓட்ட, புதுக்கோட்டைக்கு. ஓட்டப் பழக்கிவிட்டதும் சித்தப்பாதான். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் அக்கா ஏதோ கேட்டாள்.

"என்னக்கா?"

திரும்பச் சொன்னாள்.

"என்ன?"

"ஒன்னுமில்லடா."

அது மட்டும் நன்றாகக் கேட்டது.

கொஞ்ச தூரம் காரைக் கவனித்தேன். இன்ஜின், டயர், ஜன்னல் இடுக்கில் காற்று. கரும்பு மிஷின் அப்படியேதான் இருந்தது.

"அக்கா, இது எப்பவும் இம்புட்டுச் சத்தமா?" என்று கத்தினேன்.

"எப்பவும் இதேதான்!"

"அப்பறம் சித்தப்பாவுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"நான் கத்துனேன்டா! அன்னைக்குத் தண்ணின்னு கத்துனேன்ல, கத்துனா கேக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அதுலேருந்து தெனமும் கத்திக்கிட்டேதான் போனேன். தொண்டையே போச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"வண்டி அமைதியாயிருச்சுன்னு அம்புட்டு சந்தோசப்பட்டாரு. இல்லப்பா, ஒங்களுக்குக் காது இன்னும் கொறஞ்சுக்கிட்டுத்தான் போகுதுன்னு நானா சொல்லுவேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் பார்க்காத மாதிரியே ஓட்டினாள்.

ஆலங்குடி கடைவீதியில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. ஹாரன்தான் காலமாகிவிட்டதே. அக்கா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏய், ஓரமாப் போ!" என்று போட்ட சத்தத்தில் ஆடும் ஒதுங்கியது, மேய்த்தவரும் ஒதுங்கினார், டீக்கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா அந்தக் காரில் விட்டுவிட்டுப் போனது இந்தக் குரலைத்தான்.

படம் இப்போது சுவரில் சாய்ந்திருக்கிறது. நாளைக்கு அதைத் திறக்கும்போது, கார் சத்தத்தை அடக்கிய அண்ணன் மகன் எங்கே என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள், அந்த அளவுக்குச் சித்தப்பா சொல்லிவைத்திருக்கிறார். அவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒட்டியதால் அந்தக் காரில் எந்தச் சத்தமும் குறையவில்லை. கதவைத் தட்டினால் பலாப்பழம் மாதிரி கேட்கும், அவ்வளவுதான். உருப்படியாக நான் செய்தது கதவின் ஓட்டைகளை அடைத்தது. அதுவும் தெரியாமல் செய்தது.

போய்ட்டு வாங்க சித்தப்பா. கத்தித்தான் சொல்கிறேன்.