ஒத்திகை நின்றது

நடுவர்களை விளித்தே பழகிய நாக்கு என்னுடையது. இன்று தீர்ப்புச் சொல்ல யாரையும் அழைக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக நிற்கும்படி மட்டும் கேட்கிறேன். என் மேசைமீது ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசில் ஒன்று கிடக்கிறது. அதன் கயிறு, ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய பச்சை உள்துணியை மடித்து இரட்டைத் தையல் போட்டுச் செய்தது. விசிலின் வாய்ப்பகுதியில் பற்கள் அழுந்திய தடம் இருக்கிறது. அந்தத் தடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் எங்கேனும் என் பேச்சு அழகாக இருப்பதாகத் தோன்றினால், அந்த இடத்தில் என்னைச் சந்தேகியுங்கள்.

அந்த விசிலுக்கு உரியவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். பழனிசெட்டிபட்டியில் தையல் கடை வைத்திருந்தார். மலையில் ஆள் வழி தவறினாலோ ஓடையில் வெள்ளம் புரண்டாலோ தேடப் போகும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு அவரே தலைவி. முன்னொரு மழைநாளில் மலைச்சாலையில் ஜீப் ஒன்று உருண்டபோது, பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர் அக்கா. ஓரம் தைத்துக் கொடுப்பதற்காக மடியில் வைத்திருந்த சேலைகளை முறுக்கி முடிச்சிட்டுச் சரிவில் இறங்கியவர், அதன்பின் குழுவில் சேர்ந்து, அதை விட்டு விலகவே இல்லை. நானோ கல்லூரி மேடைகளில் வாங்கிய கேடயங்களின் பெருமிதத்தோடு அதில் சேர்ந்தவன். ஒலிபெருக்கி என் கைக்கு வந்ததற்கு என் குரல் ஒரு காரணம். எனக்கு ஒழுங்காக ஒரு முடிச்சுகூடப் போட வராது என்பது இன்னொரு காரணம்.

பல துறைகளும் எங்கள் குழுவும் சேர்ந்து நடத்தும் மீட்புப் பயிற்சி, கெங்குவார்பட்டிக்கு மேலே மலையடிவாரத்து ஓடையில் நடப்பதென்று முடிவாயிற்று. தீயணைப்பு வீரர்கள், வனக்காவலர்கள், போலீஸார், வருவாய் அலுவலர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் என எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரிடமும் வாக்கிடாக்கி இருந்தது. ஒரு துறையின் கருவியில் பேசுவது மற்றொரு துறையின் கருவியில் கேட்காது. அத்தனை பேரின் காதுக்கும் பொதுவாக எட்டக்கூடியது என் மைக் ஒன்றுதான். ஆளுக்கொரு பக்கம் ஓடி நெரிசலாகிவிடக் கூடாது என்பதற்காக, மைக்கில் அறிவிப்பு வந்த பின்பே யாரும் நகர வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த விதியைக் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்ததை இன்று கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல்நாள் ஏற்பாடு பார்க்கப் போனபோது அக்கா என்னைத் தனியே அழைத்தார். பாறையிடுக்கில் அடிபட்டுக் கிடப்பவராக நடிக்கவிருந்தவர் அவர்தான். தீயணைப்பு நிலைய அலுவலரும் அருகில் நின்றிருந்தார்.

"இங்க பாருப்பா. மூணு மூணா விட்டு விட்டு ஊதினேன்னா அது நடிப்பு. நிப்பாட்டாம ஊதினேன்னா நெசம். நெசம்னு தெரிஞ்சா நீ மைக்குல 'ஒத்திகை நின்றது'ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். எங்க, ஒருக்காச் சொல்லு."

நான் சொன்னேன். ஏற்றமும் இறக்கமும் கொடுத்து, முதற்சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் நடுவே ஒரு மௌனம் வைத்துச் சொன்னேன். நிலைய அலுவலர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்மா, இந்தத் தம்பி சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீயே எந்திரிச்சு நடந்து வந்துருவ போல."

அக்காவும் சிரித்துவிட்டார். "ராகம் வேணாம்ப்பா. ரெண்டே வார்த்தை. சொல்லிட்டு வாயை மூடிக்க."

ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடிய எனக்கு இரண்டு சொற்களும், அவற்றுக்குப் பின் மௌனமும்! அவமதிக்கப்பட்டதாகவே உணர்ந்தேன். அன்று வீடு திரும்பியதும் மறுநாளைக்கென ஒரு சொற்பொழிவைத் தயாரித்தேன். யாரும் அதை என்னிடம் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் ஓடைக்கரையில் சாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் விருந்தினர்கள், பின்னால் பள்ளிப் பிள்ளைகள், அதற்கும் பின்னால் வேலைக்குப் போகிற வழியில் நின்றுவிட்ட ஊர்க்காரர்கள். மேடைக்கு நேர் எதிரே, சற்று உயரத்தில், பாறையிடுக்கில் அக்கா படுத்திருந்தார். களை எடுக்கப் போன இரண்டு பெண்கள் என் பக்கவாட்டில் நின்று பேசியது ஒலிபெருக்கியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு என்னாத்தா ஆச்சு? படுத்தே கெடக்கு?"

"நடிக்குதாம்டி. நாம வயக்காட்டுல செத்த நேரம் சாஞ்சா வைவாக. இங்கன சாஞ்சா கை தட்டுவாக."

முதல் விசில் முறைப்படியே வந்தது: மூன்று, இடைவெளி, மூன்று. நான் அறிவித்தேன், தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டத் தொடங்கினார்கள். எங்கள் குழுவினர் ஸ்ட்ரெச்சரோடு பாறைக்கு அப்பால் மறுசரிவில் இருந்தார்கள். கயிறு கட்டி முடியும்வரை இருந்த இடைவெளியை நான் என் சொற்பொழிவால் நிரப்பினேன். மேலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருண்டு அக்காவின் காலை நசுக்கியதை நான் பார்க்கவில்லை. விசிலைக் கேட்டேன். அது நிற்கவில்லை. நீண்டது, மூச்சு வாங்கியது, மறுபடி நீண்டது.

அதன் பொருள் எனக்குத் தெரியும். தெரிந்த அந்த நொடியில் நான் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே இருந்தேன். அந்த வாக்கியத்தை விட மனமில்லாமல், விசிலையும் அதற்குள் இழுத்துக்கொண்டேன். "கேளுங்கள்! அது காற்றின் ஒலியா? இல்லை. மனிதனை மனிதன் அழைக்கும் ஆதிக் குரல்!" என்று கையை மலையை நோக்கி நீட்டினேன். கைத்தட்டல் எழுந்தது. அப்போது நிலைய அலுவலர் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பி, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்திருந்தது. விதிப்படி என் அறிவிப்புக்காக நின்றார். நான் உள்ளங்கையை அவர் பக்கம் விரித்து, பொறுங்கள் என்று காட்டினேன். என் இறுதிப் பத்தி பாக்கி இருந்தது.

பதினோரு நிமிடம். யாரோ கைபேசியில் எடுத்த காணொளியில் அந்த நேரம் முழுவதும் என் குரல் இருக்கிறது; விசில் அதற்கடியில் பூச்சியின் ரீங்காரம்போலக் கேட்கிறது, விட்டு ஊதியதா நிற்காமல் ஊதியதா என்று பிரித்தறிய முடியாது. முடித்துவைத்தவள் களை எடுக்கப் போன அந்தப் பெண்களில் ஒருத்தி. "ஏலே மைக்கு! வாயை மூடுறா! அந்தப் பிள்ளை நெசமாவே கெடந்து துடிக்குதுடா!" என்று கத்தினாள். அதன்பின் எல்லோரும் ஓடினார்கள். அப்போதும் அந்த இரண்டு சொற்களை நான் சொல்லவில்லை. அணைக்கப்படாத மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கிய மருத்துவர், வாக்கியத்தை முடிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னர் விசாரணை நடந்தது. அறிவிப்பு வரவில்லை, ஆகவே நகரவில்லை என்று நிலைய அலுவலர் எழுதிக் கொடுத்தார்; அது உண்மை. அறிவிப்பு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார்கள். "விசில் விட்டுவிட்டே ஒலித்தது, ஒத்திகையின் பகுதி என்று கருதினேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். முறையான சமிக்ஞை தரத் தவறியவர் அக்கா என்று அறிக்கை முடிந்தது. தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். இனி யாருக்கும் அவர் பயிற்சி தரக் கூடாது என்றும் எழுதினார்கள். அதற்குப் பிறகு நான் இரண்டு மேடைகளில் முதல் பரிசு வாங்கினேன். ஒன்றின் தலைப்பு வாய்மை.

போன வாரம்தான் அக்காவின் கடைக்குப் போனேன். அறிக்கையை மறுபடி பார்க்கச் சொல்லி அவர் மனுக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மோட்டார் பொருத்திய தையல் மெஷினின் மிதியை இடது காலடிக்கு மாற்றி வைத்திருந்தார்.

"வாப்பா பேச்சாளரே. உக்காரு. காலை நல்லா நீட்டிக்க, இப்ப இங்கன எடம் நெறையா இருக்கு."

என்னால் உட்கார முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு ஸ்டேஷன் ஆபீசர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான்தான் கையைக் காட்டி..."

"தெரியும்." ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "கல்லுக்கடியில கெடந்தவளுக்கு வேற என்ன சோலி? நேரா மேடையத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒன் கை நல்லாத் தெரிஞ்சுச்சு."

"விசாரணையில ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. வலியில கெடந்தவ கண்ணுக்கு எது ஒழுங்காத் தெரியும்னு கேட்டாக. எழுதிக்கிறலை. நீ வந்து சொல்லுவன்னு ஒரு மாசம் வாசலப் பாத்தேன். பெறகு தைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"என் மனசாட்சியின் முன்னால் நின்று..." என்று நான் தொடங்கினேன். அக்கா உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார். அன்று மேடையில் நான் காட்டியதும் அதே சைகைதான். என் வாக்கியம் அங்கேயே அறுந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து விசிலை எடுத்து என் முன்னால் போட்டார்.

"கொண்டு போ. நான் ஊதுனது போதும்."

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த விசிலுக்கு அடியில் நான் எழுதிய கடிதம் இருக்கிறது. நான்காவது முறை எழுதியது. முதல் மூன்றிலும் நல்ல வாக்கியங்கள் இருந்ததால் கிழித்துவிட்டேன். நாளைக்குக் காலையில், அக்கா மனுக் கொடுத்த அலுவலகம் திறந்ததும் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேனா என்று எங்கேனும் என்னைப் பார்த்தால் கேளுங்கள். உங்களைச் சாட்சியாக அழைத்தது அதற்குத்தான். போன வாரம் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவின் கடையில் நின்றபடி நான் சொன்னதைப் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துக் கேட்டார்கள்:

"விசில் நிக்காமத்தான் ஊதுச்சுக்கா. எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் கையைக் காட்டுனேன். வர்ற திங்கக்கிழமை போயி, என் பேரைப் போட்டு, எழுதிக் குடுத்துட்டு வர்றேன்."